நடுவிலிருந்து ஆரம்பிக்க முடிகிறதா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் முழுக்கப் பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தாள். சமீபத்தில் அவள் பார்த்திராத ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தபோதுதான் எழுத்துக்கூட்டவே தடுமாறுகிறாள் என்று தெரிந்தது. எண்களை நூறு வரை தடையில்லாமல் சொல்கிறாள். ஆனால் எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் ஒன்றிலிருந்து விரல்விட ஆரம்பிக்கிறாள். தினமும் மாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன், பெரும்பாலும் அழுகையில்தான் முடிகிறது. எனக்கே சின்ன வயதிலிருந்து கணக்கு என்றால் பயம். டியூஷன் சேர்க்கலாம் என்கிறார் கணவர். 'போகப் போக வந்துடும்' என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: இரண்டு யோசனைகளையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். டியூஷனும் இப்போது வேண்டாம், சும்மா காத்திருக்கவும் வேண்டாம். முதலில் அந்த ஒன்றரை மணி நேரத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். பள்ளிவிட்டு வந்த ஏழு வயதுப் பிள்ளையை அவ்வளவு நேரம் உட்கார வைத்தால், முதல் இருபது நிமிடத்துக்குப் பிறகு நடப்பது படிப்பு இல்லை, மல்லுக்கட்டு.

வாசிப்பில் ஒரு பிரச்சினை, கணக்கில் இன்னொரு பிரச்சினை என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. உங்கள் மகளுக்குப் பாடப் புத்தகமும் பாட்டாகத் தெரியும், ஒன்று முதல் நூறும் பாட்டாகத் தெரியும். பாட்டை முதல் அடியிலிருந்து யாரும் பாடிவிடலாம். நடுவில் ஒரு சொல்லைக் காட்டி 'இங்கிருந்து ஆரம்பி' என்றால் பெரியவர்களே திணறுவோம். வகுப்பே சேர்ந்து உரக்கச் சொல்லும்போது அவளும் சரியாகச் சொல்லியிருப்பாள், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. நல்ல ஞாபகசக்தி உள்ள பிள்ளைகளிடம்தான் இது நீண்ட நாள் வெளியே தெரியாமல் இருக்கும்.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். க, கா, கி, கீ வரிசையைச் சொல்லச் சொல்லாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் 'மீ' என்று மட்டும் எழுதிக் காட்டுங்கள். அவள் உதட்டுக்குள் 'ம, மா, மி...' என்று முணுமுணுத்து அந்த எழுத்துக்கு வந்து சேர்கிறாளா? அப்படியானால் எழுத்து இன்னும் தனியாகக் கையில் இல்லை, வரிசைதான் இருக்கிறது. அதேபோல முப்பத்தேழுக்கு அடுத்த எண் எது, நாற்பத்திரண்டுக்கு முந்தியது எது என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரலாம். இல்லாவிட்டால் வெகு தூரம் பின்னால் போய்த் திரும்பி வருவாள். இனி நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் எந்த இடத்திலிருந்தும் நுழையப் பழக்குவதுதான்.

வாசிப்பை எடுத்துக்கொள்வோம். அவள் பார்த்திராத புத்தகத்திலிருந்து நாலு வரி கொடுங்கள். படம் இருந்தால் மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிப்பாள். நீங்கள் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, அவள் தப்பாகச் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள். இதுதான் பெற்றோருக்கு ரொம்பக் கஷ்டம். மூன்று நாலு நாள் இப்படிக் குறித்தாலே, பிழைகள் கண்டபடி வருவதில்லை, ஒரே மாதிரிதான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரிந்துவிடும்.

நான் அதிகம் பார்ப்பது கொம்பு வரும் எழுத்துகளில் வரும் தடுமாற்றம். 'கொடுத்தான்' என்று இருப்பதை ஒரு குழந்தை 'கெடுத்தான்' என்று படிக்கிறது. கவனக்குறைவு என்று அதட்டுவோம். ஆனால் அந்தக் குழந்தை இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது: கொம்பு, பிறகு க, அங்கேயே 'கெ' முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த கால் அடுத்த எழுத்தைச் சேர்ந்தது போலத் தோன்றியிருக்கும். காதுக்கு முதலில் வருவது 'க்', கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. இந்த முரணைப் பெரியவர்கள் மறந்தே போய்விட்டோம். தேள், தோள் இரண்டையும் பெரிதாக எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று கொட்டும், இன்னொன்றில் பை மாட்டலாம். ஒரு கால்தான் வித்தியாசம். 'தோ' என்ற எழுத்தின் மூன்று துண்டுகளையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு, 'இது மொத்தமும் ஒரே எழுத்து' என்று காட்டினால் பல பிள்ளைகளுக்கு அன்றைக்கே பிடிபடுகிறது.

அடுத்தது உகர, ஊகார வரிசைகள். கா, சா, தா, மா எல்லாவற்றுக்கும் ஒரே கால்தான். ஆனால் கு, சு, து, மு நான்கையும் எழுதிப் பாருங்கள், உகரம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு உருவத்தில் ஒட்டியிருக்கிறது. இந்த இரண்டு வரிசைகளில் உள்ள 36 எழுத்துகளைக் குறி வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, தனித்தனியாகத்தான் பழக வேண்டும். மற்ற உயிர்மெய்களில் பெரும்பாலானவற்றுக்கு மெய்யும் குறியும் தெரிந்தால் போதும். ஆகவே 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். குறுக்கு வரிசையில் கி, சி, தி, பி, மி என்று கலைத்துப் போட்டுக் கேளுங்கள். பாட்டு உடைவது அங்கேதான்.

கல் என்பதைக் கால் என்றும், கொடி என்பதைக் கோடி என்றும் மாற்றினால் குறில் நெடில் பிரச்சினை. 'பட்டம்' என்பதை 'ப-ட-ட-ம' என்று படித்தால் புள்ளியைக் கண் தவறவிடுகிறது. இவற்றைத் திருத்துவது சுலபம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் கொடுத்தால் போதும். ஆனால் எழுத்துகள் எல்லாம் தெரிந்தும் சேர்த்துச் சொல்ல வரவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிட்டு வாயால் விளையாடுங்கள். 'நான் உடைச்சுச் சொல்றேன், நீ சேர்த்துச் சொல்லு: ம... ர... ம்.' பிறகு அவள் உடைக்கட்டும், நீங்கள் சேருங்கள். வேண்டுமென்றே ஒன்றிரண்டு தப்பாகச் சேருங்கள், உங்களைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் இன்னும் பத்துச் சொல் விளையாடுவாள்.

தமிழில் வாசிக்கும் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் அவள் கேட்பது 'போயிட்டாங்க', புத்தகத்தில் இருப்பது 'போய்விட்டார்கள்'. அவள் கஷ்டப்பட்டு எழுத்துக்கூட்டி முடித்தாலும், வந்த சொல்லைக் காது 'ஆமாம், இது எனக்குத் தெரியும்' என்று ஒப்புக்கொள்வதில்லை. 1986-இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பைப் பற்றி எளிமையான ஒரு கணக்கைச் சொன்னார்கள்: எழுத்துக்கூட்டும் திறனையும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். எழுத்து மொழி காதில் விழாத பிள்ளைக்கு இரண்டாவது பாதி வளராது. அதனால் நீங்கள் தினமும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவள் தானாக வாசிப்பதைவிடக் கொஞ்சம் கடினமான கதையாக இருக்கட்டும். 'இவளே வாசிக்கப் பழகட்டும், நான் ஏன் வாசிக்க வேண்டும்' என்று பல வீடுகளில் ஒன்றாம் வகுப்போடு இதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாத வயது அது.

வாசித்துக் காட்டும்போது நடுவில் பேசுங்கள். ஆனால் 'ராஜாவுக்கு எத்தனை பிள்ளைகள்?' என்ற பரீட்சைக் கேள்வி வேண்டாம். 'இவன் ஏன் பொய் சொன்னான்?', 'நீயாக இருந்தால் கதவைத் திறப்பியா?' என்று கேளுங்கள். அவள் ஒரு சொல்லில் பதில் சொன்னால் அதை நீட்டி ஒரு வாக்கியமாக்கித் திருப்பிச் சொல்லுங்கள்.

அவள் வாசிக்கும் நேரத்தில் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் வரவில்லை என்றால் முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள், அதற்கும் வரவில்லை என்றால் முழுச் சொல்லையும் சொல்லிவிட்டு நகருங்கள். விரல் வைத்து வாசித்தால் தடுக்காதீர்கள். ஒரே சின்னக் கதையை நாலு நாள் வாசித்தால் நல்லது, வேகமும் ஏற்ற இறக்கமும் அப்படித்தான் வரும். 'அதுதான் மனப்பாடம் ஆகிவிடுமே' என்று கேட்பீர்கள். நாலாவது நாள் கடைசி வரியிலிருந்து மேலே போகச் சொல்லுங்கள், அல்லது நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். வாசிப்பா மனப்பாடமா என்று தெரிந்துவிடும்.

இனி கணக்கு. விரல்விட்டு எண்ணுவதைக் குற்றமாக நினைக்காதீர்கள், அது எல்லாப் பிள்ளைகளும் ஏறும் படி. கவனிக்க வேண்டியது, எங்கிருந்து விரல்விடுகிறாள் என்பதுதான். 8 + 5-க்கு முதலில் எட்டு விரல், பிறகு ஐந்து விரல், பிறகு எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணுவது முதல் படி. எட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து, பதினொன்று என்று தொடர்வது இரண்டாவது. எட்டுக்கு இரண்டு கொடுத்துப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்ப்பது மூன்றாவது. யோசிக்காமலே பதின்மூன்று என்று வருவது அதற்கும் பிறகு. உங்கள் மகள் முதல் படியில் நிற்கிறாள். நாலாவது படியில் இருப்பவர்களுக்கான கணக்குத் தாள்களை நாற்பது கொடுத்தால் அழத்தான் செய்வாள்.

முதல் படியிலிருந்து இரண்டாவதற்கு ஏற்றுவது எப்படி என்று சொல்கிறேன். எட்டு பொத்தான்களை அவளையே எண்ணி வைக்கச் சொல்லுங்கள். அவற்றை ஒரு கிண்ணத்தால் மூடி, கிண்ணத்தின் மேல் 8 என்று எழுதிய சீட்டை ஒட்டுங்கள். பக்கத்தில் ஐந்து பொத்தான்களை வெளியே தெரியும்படி வையுங்கள். 'மொத்தம் எத்தனை?' அவள் கை கிண்ணத்தைத் தூக்கப் போகும். தூக்கட்டும், எண்ணிப் பார்க்கட்டும், எட்டுதான் இருக்கும். மூடிவிட்டு மறுபடி கேளுங்கள். திரும்பவும் தூக்குவாள். ஒரு நாள், கையைக் கிண்ணத்தின் மேல் வைத்துவிட்டு ஒரு கணம் தயங்குவாள். அப்போது நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள். கிண்ணத்தைத் தட்டி 'எட்டு' என்று சொல்லிவிட்டு, வெளியே இருக்கும் பொத்தானைத் தொட்டு 'ஒன்பது' என்று அவளாகத் தொடர்ந்தால், இந்த வருடக் கணக்கின் பெரிய மேட்டை ஏறிவிட்டாள். எட்டு என்பது ஏழுக்குப் பிறகு வாயில் வரும் சத்தம் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் மொத்தத்தின் அளவு என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது என்று அர்த்தம்.

தாயம் உருட்டி விளையாடும் எந்த ஆட்டமும் இதற்கு உதவும். இரண்டு தாயக்கட்டைகளில் ஒன்றில் புள்ளிகளும் இன்னொன்றில் எண்களும் இருந்தால் இன்னும் நல்லது. எண்ணிலிருந்து ஆரம்பித்துப் புள்ளிகளை மட்டும் எண்ணினால் போதும் என்பது தானாகவே பழகும். சீக்லர், ரமணி ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் சேரும் முன்பு இருந்த பிள்ளைகளோடு, ஒன்று முதல் பத்து வரை நேர்கோட்டில் கட்டம் போட்ட ஒரு ஆட்டத்தை ஆடினார்கள். இரண்டு வாரத்துக்குள் பதினைந்து நிமிடம் வீதம் நாலே தடவை. எண்களின் அளவைப் புரிந்துகொள்வதில் அந்தப் பிள்ளைகளிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அதே ஆட்டத்தை எண் இல்லாமல் வண்ணக் கட்டங்களில் ஆடிய பிள்ளைகளிடம் அது இல்லை. இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு: காயை நகர்த்தும்போது 'ஒண்ணு, ரெண்டு' என்று சொல்லக் கூடாது, கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் கட்டத்தில் நின்று இரண்டு விழுந்தால் 'ஆறு, ஏழு'. அதாவது, நடுவிலிருந்து நுழைவது.

பத்தாகும் ஜோடிகளை விளையாட்டாகவே பழக்குங்கள். நான் ஏழு விரல் காட்டினால் நீ மூன்று காட்டு. ஒன்பதுக்கு ஒன்று, எட்டுக்கு இரண்டு, ஏழுக்கு மூன்று, ஆறுக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து: இவ்வளவுதான், ஐந்தே ஜோடி. இவை கைவசமானால் கூட்டலில் பாதி முடிந்தது. கழித்தலைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள், இந்த ஜோடிகளோடு கூடவே வரும். வாய்ப்பாடும் அவசரமில்லை. இன்னொரு பாட்டை இப்போதே ஏற்றி வைப்பானேன்?

எண்களை எழுதும்போது நூற்றைந்தை 1005 என்று எழுதினால் திட்டாதீர்கள். நூறு எழுதி ஐந்து எழுதியிருக்கிறாள், அவள் கணக்கில் அது நியாயம். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் போட்டு, கட்டு எத்தனை, உதிரி எத்தனை என்று பழக்குங்கள். நம் எண் பெயர்கள் இதற்கு ஒத்தாசை செய்கின்றன, பதினேழு என்னும்போதே பத்தும் ஏழும் காதில் விழுகிறது. சறுக்குவது ஒன்பதின் இடங்களில். எண்பத்தொன்பதுக்குப் பிறகு வரும் தொண்ணூறில் ஒரு நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஓர் ஆயிரம் ஒலிக்கிறது. அந்த இரண்டு இடத்தில் மட்டும் குழம்பினால் அது அவள் குற்றமில்லை.

உங்கள் பயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை மறைக்காமல் சொன்னது நல்லது, ஏனென்றால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. கணக்கென்றால் பயப்படும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய வீடுகளில், அந்த வருடக் கடைசியில் பிள்ளைகள் கணக்கில் குறைவாகக் கற்றிருந்தார்கள், அவர்களுக்கும் பயம் கூடியிருந்தது. அதே பயம் உள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு காணப்படவில்லை. உதவாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுப்பாட நோட்டின் முன்னால் உங்கள் முகம் எப்படி ஆகிறது என்பதை அவள் படித்துக்கொண்டிருக்கிறாள், எழுத்துக்கூட்டாமலே. கிண்ணமும் பொத்தானும் தாயமும் உங்களைப் பயமுறுத்தாது அல்லவா? கணக்கை அதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடத்துக்குக் கணவர் உட்காரட்டும். அவருக்கு நேரமில்லை என்றால், முடிந்தவரை அவளே செய்துவிட்டு, 'இதற்கு மேல் அவளால் முடியவில்லை' என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். 'எனக்கும் கணக்கு வராதும்மா' என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லாதீர்கள், பரம்பரைச் சொத்து மாதிரி எடுத்துக்கொள்வாள்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் வாசிப்பு, வேறொரு நேரத்தில் பதினைந்து நிமிடம் கணக்கு விளையாட்டு. இரவில் நீங்கள் வாசித்துக் காட்டுவது இந்தக் கணக்கில் சேராது. பசியிலும் தூக்கத்திலும் வேண்டாம். அவள் 'இன்னும் ஒரு ஆட்டம்' என்று கெஞ்சும்போதே முடித்துவிடுங்கள். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் போதும், விட்டுப்போன நாளை மறுநாள் சேர்த்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். டியூஷனைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான்: அங்கே பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து அதே பாடத்தை மறுபடி உரக்கச் சொல்லப் போகிறாள் என்றால் அந்தப் பணம் வீண். ஒருவர் தனியாக உட்கார்ந்து அவள் பிழையைக் கவனிப்பார் என்றால் யோசிக்கலாம், ஆனால் அதை இப்போது உங்களாலேயே செய்ய முடியும்.

மாமியார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எழுத்தைத் திருப்பிப் போடுவது, 3-ஐ எதிர்ப்பக்கம் பார்த்து எழுதுவது போன்றவை ஏழு வயதுவாக்கில் பல பிள்ளைகளிடம் தானாகவே மறைந்துவிடும். ஆனால் வாசிக்கத் திணறும் பிள்ளை வாசிப்பதைத் தவிர்க்கும், தவிர்ப்பதால் பழக்கம் குறையும், பழக்கம் குறைந்தால் இடைவெளி பெரிதாகும். இது போகப் போகக் கூடுமே தவிரக் குறையாது. அதனால் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லை, ஒலிகளைப் பிரிக்கவோ சேர்க்கவோ வரவில்லை, சின்ன எண்ணிக்கையைக்கூட ஒப்பிடத் தடுமாறுகிறாள் என்றால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அடிக்கடி காது வலி, சீழ் வந்த பிள்ளையானால் காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே வேண்டாம். அதற்குப் பிறகு கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் நிபுணரிடம் போகலாம். டிஸ்லெக்சியாவோ (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) டிஸ்கால்குலியாவோ (கணக்கில் வருவது) இருந்தாலும் அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. முறையாகப் பழக்கினால் முன்னேறுவார்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் சுலபமாக முன்னேறுவார்கள். குடும்பத்தில் யாராவது சிறுவயதில் வாசிக்கச் சிரமப்பட்டிருந்தால் மூன்று மாதம்கூடக் காத்திருக்காமல் கேட்டுவிடுங்கள்.

வகுப்பு ஆசிரியரை இந்த மாதமே பாருங்கள். போகும்போது அந்தப் பிழை நோட்டை எடுத்துப் போங்கள். 'எப்படிப் படிக்கிறாள்?' என்று கேட்டால் 'நல்லாத்தான் படிக்கிறா, கொஞ்சம் கவனம் தேவை' என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். 'கொ, கோ வரும் இடத்தில் கெ, கே என்று படிக்கிறாள், வகுப்பிலும் அப்படியா? கூட்டும்போது ஒன்றிலிருந்து எண்ணுகிறாளா, பெரிய எண்ணிலிருந்து தொடர்கிறாளா? சேர்ந்து சொல்லும்போது இல்லாமல் தனியாக அவளை வாசிக்கச் சொல்லி ஒரு தடவை கேட்டுச் சொல்ல முடியுமா?' என்று கேளுங்கள்.